சத்தம் போடாத மிஷின்

அந்த டவுன்லோட் மென்பொருளை எழுதிய புண்ணியவான் எந்த நாட்டில் இருக்கிறானோ, தெரியாது. தெரிந்திருந்தால் கடன் வாங்கியாவது போய், அவன் வீட்டு வாசலில் நின்று நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. "எப்பவோ செத்துப்போன சாஃப்ட்வேர் மேல இன்னும் கோவமா?" என்று என் மனைவி கேட்பாள். ஆமாம், இன்னும்தான்.

திருவண்ணாமலைக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு இருக்கும். செங்கம் ரோட்டில் எட்டு கணினி போட்ட ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். கணினி படுத்துக்கொண்டால் எழுப்புவது, வைரஸ் எடுப்பது, ரிசல்ட் பார்க்க வருபவர்களுக்கு நம்பர் தட்டிக் கொடுப்பது எல்லாம் நான்தான். முதலாளிக்குக் கணினியில் அரிச்சுவடிகூடத் தெரியாது. அதற்கு முன்னால் அவர் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை உடைக்கும் மில் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை மிஷின் என்பார்கள். மில்லை விற்றுவிட்டு, இனிமேல் இதுதான் ஓடும் என்று யாரோ சொன்னதை நம்பி இந்தக் கடையைப் போட்டார். கணினியையும் கடைசிவரை மிஷின் என்றுதான் சொன்னார்.

என் அக்காவுக்குப் பார்வை கிடையாது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. அதற்காக அவளைச் சாந்த சொரூபி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் வாய் ஜாஸ்தி அவளுக்குத்தான். வரலாற்றில் எம்.ஏ., பிறகு பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இதை விட்டால் அடுத்த தேர்வு எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. இதில் தேறினால் வேலை. தேறாவிட்டால், அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் உச்சுக் கொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த உச்சுக் கொட்டலுக்கு அவள் சாவுக்குப் பயப்படுவதைவிட அதிகமாகப் பயந்தாள்.

படிக்கப் புத்தகம் இல்லை. அச்சில் இருந்தது, அவளுக்கு அது இல்லாத மாதிரிதான். நான் உட்கார்ந்து படித்துக் காட்டினால் மன்னர்களின் பெயரைக் கடித்துத் துப்புகிறேன் என்று சண்டைக்கு வருவாள். அப்போது வெவ்வேறு ஊர்களில் இருந்த பார்வையற்ற மாணவர்கள் கொஞ்சம் பேர் ஒரு கூட்டாக இருந்தார்கள். யாராவது நல்ல மனசுக்காரர்கள் பாடத்தைப் படித்து ஒலியாகப் பதிந்து கொடுப்பார்கள். முதலில் அதையெல்லாம் சி.டி.யில் போட்டுத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். பாதி கீறலோடு வரும், மீதி உடைந்து வரும். அப்புறம்தான் கோப்புப் பகிர்வுக்கு வந்தார்கள். ஒருவர் கணினியில் இருக்கும் கோப்பை இன்னொருவர் இணையம் வழியாக நேராக இறக்கிக்கொள்வது. கோப்பு துண்டு துண்டாக வரும். எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்து வாங்கி, மென்பொருள் கோர்த்துக்கொள்ளும். யோசனை என்னவோ அருமையான யோசனைதான்.

மத்தியானம் கடை காற்று வாங்கும். அந்த நேரத்துக்கு அக்கா பஸ் பிடித்து வந்து, மூலையில் இருந்த கணினியில் உட்காருவாள். திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் வாசிப்பான் ஒன்றை அதில் போட்டு வைத்திருந்தேன். டவுன்லோட் ஜன்னலைத் திறந்து, எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்க அவள் அம்புக்குறியை அழுத்துவாள். வாசிப்பான் இரண்டு வார்த்தை சொல்லும். அத்தோடு ஜன்னல் உறைந்துவிடும். கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டிருந்துவிட்டு மொத்தமாக மறைந்தும் போகும்.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. யார் யாரிடமிருந்து எவ்வளவு வருகிறது என்ற பட்டியலை அந்த ஜன்னல் ஓயாமல் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தது. வாசிப்பான் ஒரு வரியைக் கேட்டு வாங்குவதற்குள் அந்த வரி அங்கே இருக்காது. இல்லாத வரியைக் கேட்டால் மென்பொருள் செத்துவிடும். சரி, ஜன்னல் செத்தால் சாகட்டும், இறக்கும் வேலையாவது நடக்க வேண்டாமா? நடக்காது. ஜன்னலும் வேலையும் ஒரே பிண்டமாக எழுதப்பட்டிருந்தன. ஹோட்டலில் சப்ளையர் மயங்கி விழுந்தால் உள்ளே அடுப்பையும் அணைத்துவிடுவார்களா? அந்த மென்பொருள் அணைத்தது. மறுபடி திறந்தால், வந்த துண்டெல்லாம் சரிதானா என்று ஆதியிலிருந்து சோதிக்க ஆரம்பிக்கும். அது முடிவதற்குள் அக்காவின் பஸ் வந்துவிடும்.

தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் ஒரு முறை அப்படி விழுந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நான் மேசையைக் குத்தினேன். பக்கத்தில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்குதான் அந்த ஜன்னலே வேணாமேடா. அதக் காட்டறதுக்குப் போயி ஏன் சாவுது?"

இதே கேள்வியைத்தான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த மென்பொருள்காரர்களின் இணையக் களத்தில் எழுதினேன். வாசிப்பான் பட்டால் உங்கள் ஜன்னல் விழுகிறது, ஜன்னலையும் வேலையையும் பிரித்து எழுதுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். ஒருவன் பதில் போட்டான். கண் தெரியாதவர்களுக்கு எதற்கு இந்த வேலை, பக்கத்தில் இருக்கும் யாரையாவது செய்யச் சொல்லலாமே என்று கேட்டு, முடிவில் ஒரு சிரிப்புக் குறியும் வைத்திருந்தான். அக்காவின் வாசிப்பான் அந்தச் சிரிப்பை "முக்காற்புள்ளி, அடைப்புக்குறி" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் உணர்ச்சியே இல்லாமல் படித்தது. அக்கா அதை இரண்டாம் முறை படிக்கவைத்துக் கேட்டாள். நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். ஜன்னலை ஒழுங்காக எழுதத் தெரியாதவனுக்கு எங்கள் அக்காவின் கண்தான் கோணலாகப் பட்டது.

தேடிக்கொண்டே இருந்ததில் இன்னொரு மென்பொருள் கிடைத்தது. இலவசம், மூல நிரலையும் திறந்தே வைத்திருந்தார்கள். அதில் இறக்கும் வேலை தனி, ஜன்னல் தனி. வேலையை மட்டும் எடுத்து, கணினி எழுந்தவுடன் தானாகக் கிளம்புகிற சர்வீஸாகப் பின்னணியில் ஓடவிட்டேன். அதை யாரும் கிளிக் செய்து திறக்கவும் வேண்டாம், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி யாரும் மூடவும் முடியாது. நிலவரம் தெரிய வேண்டுமானால் ஒரு வார்த்தை தட்டினால் போதும், நாலு வரியில் பதில் வரும். வந்த வரி அழியாமல் அங்கேயே இருக்கும். வாசிப்பான் நிதானமாகப் படிக்கும். அக்கா என்னைவிட வேகமாகத் தட்டுவாள். முதல் பாடம் முழுசாக வந்த அன்று பக்கத்துக் கடையிலிருந்து எல்லோருக்கும் டீ வரவழைத்தாள். அதோடு நில்லாமல் கூட்டில் இருந்த மற்ற ஊர்க்காரர்களுக்கும் ஃபோனிலேயே இந்த ஏற்பாட்டைச் சொல்லிக் கொடுத்தாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எங்கள் பூசாரி கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

மூலைக் கணினியின் திரையை நான் அணைத்து வைத்திருப்பேன். அக்காவுக்குத் திரை எதற்கு? முதலாளி கடையைச் சுற்றி வருவார், கறுப்பாக இருக்கும் திரையைப் பார்ப்பார், பின்னால் கைவிட்டு சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

"மொதலாளி, அது ஓடிக்கிட்டிருக்கு."

"எங்கய்யா ஓடுது? படம் தெரியுதா? சத்தம் வருதா? சும்மா கெடக்கற மிஷினுக்கு எதுக்குக் கரண்டு?"

"உள்ள ஓடுது மொதலாளி."

"நானும் இருவது வருசம் மிஷின் ஓட்டனவன்தான். சத்தம் போடாத மிஷின் ஓடாத மிஷின். எனக்கே சொல்லித் தரியா நீ?"

நான் சுவிட்சுக்கு மேல் 'தொடாதீர்கள்' என்று தாள் ஒட்டினேன். அதைத் தன் மில்லில் ஷாக் அடிக்கிற இடத்தில் ஒட்டும் எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டு, துடைப்பக் குச்சியால் அணைத்தார். என் பற்கள் தேய்ந்ததுதான் மிச்சம்.

பௌர்ணமி வந்தால் இன்னும் மோசம். கிரிவலத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அன்று பிரவுசிங்கில் வருவதைவிட எலுமிச்சை ஜூஸில் வருமானம் ஜாஸ்தி என்று முதலாளி கண்டுபிடித்திருந்தார். வரிசையாக ப்ளக்குகளைப் பிடுங்கி மிக்ஸியும் டியூப் லைட்டும் மாட்டுவார். கணினிகளை ஓரம் கட்டிவிட்டு அந்த இடத்தில் பக்தர்களின் பைகளை வாங்கி அடுக்குவார். சர்வீஸ் தன் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போதே ப்ளக்கைப் பிடுங்கினால், எந்தெந்தத் துண்டு வந்தது என்ற குறிப்பு பாதியில் அறுந்துவிடும். மறுநாள் அந்த அறுந்த குறிப்பைப் படித்துவிட்டு, ஒன்றுமே வரவில்லை என்று மென்பொருள் சாதிக்கும். ஒரு பௌர்ணமியில் அக்காவின் இடைக்கால வரலாறு முழுக்க அப்படித்தான் போயிற்று. அன்று நான் வேலையை விடுவதாக இருந்தேன். விட்டால் அந்தக் கணினியும் போய்விடும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். உட்கார்ந்து நிரலில் அந்த இடத்தைத் தேடிப்பிடித்துத் திருத்தினேன். புதுக் குறிப்பை முழுசாக எழுதி முடித்த பிறகுதான் பழையதைத் தூக்கிப்போட வேண்டும் என்று மாற்றினேன். புது வீடு கட்டி முடிக்கும் முன் பழைய வீட்டை இடிக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் கொத்தனாரிடம் மண் சுமக்கும் சித்தாளுக்கும் தெரியும். எழுதியவனுக்குத் தெரியவில்லை.

குறிப்பு பிழைத்தது. ஆனால் சுவிட்ச் இன்னும் முதலாளி கையில் இருந்தது. பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் நான் அவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன், அவர் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தாளு சொல்றதுல என்னடா தப்பு? நானும் மிக்ஸி ஓடுதா, மோட்டார் ஓடுதானு சத்தத்த வெச்சுதான் சொல்றேன். உன் சர்வீஸ் ஊமையா இருந்தா யாருக்குத் தெரியும்? அதுக்கு ஒரு சத்தம் குடு."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒவ்வொரு துண்டு வந்து சேரும்போதும் ஒரு டிங் ஒலிக்கும்படி செய்து, பழைய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி வைத்தேன். முதலாளி வந்தார். டிங் என்றது. நின்றார். மறுபடி டிங்.

"இப்ப ஓடுதுய்யா," என்றார். முகத்தில் மில்காரரின் களை வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கணினிக்கு அவரே காவல். அடுத்த பௌர்ணமிக்கு எல்லா ப்ளக்கையும் பிடுங்கினார், அதை மட்டும் தொடவில்லை. ஜூஸ் குடிக்க வந்தவர்களிடம், "அந்தாண்ட போயி நில்லுங்க, மிஷினு ஓடுது," என்று விரட்டினார். எத்தனை நாள் சண்டை, எத்தனை தாள், கடைசியில் ஒரு டிங்கில் முடிந்தது. அதற்காகவும் எனக்கு அவர் மேல் கோபம்தான்.

பாடமெல்லாம் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. தமிழக வரலாற்றின் பிற்பகுதி. கேள்வி கணிசமாக வரும் பகுதி அதுதான். அதன் கடைசித் துண்டுகள் கூட்டில் ஒரே ஒருவரிடம் இருந்தன. அவர் விழுப்புரம் பக்கத்துக்காரர், அக்கா மாதிரியே பார்வையற்றவர். அவர் கணினி இணையத்தில் வரவே இல்லை. டிங் நின்றுபோயிற்று. பரீட்சைக்கு நாள் கம்மி. அக்கா அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். அவர் சென்னைக்குப் பரீட்சைப் பயிற்சிக்குப் போயிருந்தார். அவருடைய அம்மாதான் எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, அவரோட கம்ப்யூட்டர் ஆன்ல இருக்குங்களா?"

"அது எங்கம்மா இருக்குது? எப்பப் பாரு டி.வி. பொட்டி கறுப்பாதான் கெடக்குது. கரண்டு வீணாவுதேன்னு நான் மெயினையே அணைச்சுட்டேன்."

அங்கேயும் அதே கதை. பார்வை இல்லாதவன் திரையை எதற்குப் போடுவான் என்று பெற்ற தாய்க்கே தோன்றவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளிவிட்டு, குரலை மட்டும் வெல்லமாக வைத்துக்கொண்டு பேசினாள்.

"பரவால்லம்மா. இப்ப மெயினப் போடுங்க. கீழ ஒரு பொட்டி இருக்கும் பாருங்க, அது மூஞ்சில ஒரு பட்டன் இருக்கும். அத ஒரே ஒரு தடவ அமுக்குங்க."

"ஐயோ, எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. அவன் வந்தா திட்டுவான்."

"திட்ட மாட்டாரும்மா, நான் சொல்லிக்கறேன். அமுக்குனா காத்தாடி சத்தம் வரும். வருதா?"

"வருது. டி.வி. பொட்டியயும் போட்டுப் பாத்தேன், என்னமோ எழுத்துக் கேக்குதும்மா."

அது பாஸ்வேர்டு. அவர் மகனைத் தவிர யாருக்கும் தெரியாது. பழைய மென்பொருளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாஸ்வேர்டு போட்டு, உள்ளே நுழைந்து, ஜன்னலைத் திறந்து, பொத்தானை அழுத்தினால்தான் அது வேலையைத் தொடங்கும். ஆனால் அக்கா சொல்லிக் கொடுத்து அவரும் சர்வீஸுக்கு மாறியிருந்தார், அது இதற்கெல்லாம் காத்திருக்காது. கணினி எழுந்தால் அதுவும் எழுந்துவிடும், எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"அது கேட்டா கேக்கட்டும்மா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அந்த டி.வி. பொட்டிய வேணா அணைச்சுடுங்க. கீழ காத்தாடி மட்டும் சுத்தட்டும்."

"அவ்ளோதானா? இதுக்கா அவன் என்னமோ பெரிய வித்தங்கறான்?"

அக்கா ஃபோனை வைத்தாள். முதலாளிகூட ரேடியோவை அணைத்தார். நான் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூலையிலிருந்து டிங் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. முதலாளி, "சூடு ஏறிடுச்சு, இனிமே நிக்காது," என்றார்.

அக்கா தேர்வில் தேறினாள். வேலைக்கான உத்தரவு வர நாளாயிற்று, ஆனால் வந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. சேர வேண்டிய தேதி பௌர்ணமியாகப் போய்விட்டது.

பௌர்ணமி அன்று அக்கா வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். எங்கள் ஊர் கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. அன்று வழி நெடுகப் பிச்சைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கையில் கோலோடு ஓரமாக நிற்கும் பெண்ணைப் பார்த்தால் சுற்ற வருபவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. காலேஜ் போகிற காலத்திலிருந்தே அவள் கையில் காசு திணித்திருக்கிறார்கள். ஆனால் சேரும் தேதியை மாற்ற முடியுமா? புதுப்புடவை கட்டி, தோள்பையில் உத்தரவை வைத்துக்கொண்டு, காலையிலேயே என்னோடு பஸ்ஸுக்கு நின்றாள். நான் எதிர்க் கடைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம், வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் அவள் கையைப் பிடித்து ஒரு நாணயத்தை வைத்தார். நான் பாட்டிலைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். அக்கா என் குரலைக் கேட்டதும் கையை நீட்டித் தடுத்துவிட்டு, நாணயத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஐயா, காசு வேணாங்க. எனக்கு வேல இருக்குது, டீச்சர் வேல. பஸ் வர சத்தம் கேக்குது, போர்ட மட்டும் படிச்சுச் சொல்லுங்க, போதும்."

அவர் படித்துச் சொன்னார். அது எங்கள் பஸ்தான். படியில் ஏறக் கைகூடக் கொடுத்தார். நல்ல மனுஷன்போல, நாம்தான் பொங்கிவிட்டோம் என்று எனக்கே கொஞ்சம் கூசியது.

சாயங்காலம் பள்ளியிலிருந்து அவளை அழைத்து வந்தேன். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள், எந்த வகுப்பு, எத்தனை வாலுகள், முதல் நாளே எவன் கேள்வி கேட்டான் என்று. வீட்டில் தோள்பையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். டிங் என்றது.

பையின் பக்கவாட்டு உறையில் கைவிட்டு எடுத்தாள். காலையில் அவள் திருப்பிக் கொடுத்த நாணயம். அவள் படியேறும்போது கை கொடுத்தவர், போகிற போக்கில் போட்டிருக்கிறார். டீச்சர் என்று சொன்னது அவர் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. நாள் முழுக்க அந்தக் காசைத் தோளில் சுமந்துகொண்டுதான் அவள் பாடம் நடத்தியிருக்கிறாள்.

அக்கா அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாம மூடுனாலும் இந்த உச்சுக் கொட்டல் பின்னாடி ஓடிக்கிட்டேதான் இருக்குதுடா," என்றாள். "இத நிறுத்தறதுக்கு என்னத்தத் தட்டணும்?"

தெருவில் கூட்டம் மலையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.